சுக்கு காய்ந்த பூங்கா

என் உத்தியோகம் என்னவென்று என் மாமனாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாலக்காட்டிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பார். நகரசபைக்குப் பூங்கா வரைந்து கொடுக்கிறேன் என்பேன். "படம் வரைஞ்சா அவா சம்பளம் குடுக்கறாளா?" என்பார். நிலத்தை அளந்து, எங்கே மரம், எங்கே நடைபாதை, மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை என்று விளக்குவேன். "அதாவது தோட்டக்காரன்" என்று முடித்துவிடுவார். ஊருக்குத் திரும்பியதும் மாப்பிள்ளை எஞ்சினீயர் என்று சொல்லிக்கொள்வார். இரண்டிலும் பாதி உண்மை இருந்ததால் நான் திருத்தவில்லை.

பூங்காவுக்கு முன்னால் எனக்குச் சாக்கடைதான். சென்னையில் வரைவுக்கலை படித்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைச் சாக்கடைப் பிரிவில் உட்காரவைத்தார்கள். மிளகும் சுக்கும் கப்பலேறும் ஊர். கடைத்தெருவில் நடந்தால் மூக்குக்கு ஓய்வே கிடையாது. அந்த வாசனைகளில் சாக்கடையின் பங்கை நான் கவனித்துக்கொண்டேன். குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு, சரிவு. தண்ணீர் சோம்பேறி, இறக்கம் காட்டினால்தான் நகரும் என்பதை அங்கேதான் கற்றேன். சலிப்பு வரும்போது வரைபடத்தின் ஓரத்தில் ஒரு மரம் போடுவேன், இலை இலையாக.

எங்கள் எஞ்சினீயர் எர்ணாகுளத்துக்காரர். அவரும் சென்னையில் படித்தவர் என்பதால் என்னிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். ஒரு நாள் என் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எடோ, சாக்கடை ஓரத்துல இந்த மரத்தை யாரு நட்டது?"

"சும்மா போட்டேன் சார்."

"சும்மா போடறதுக்கு எங்கிட்ட ஒரு நிலம் உண்டு. அங்க போய் நடு."

அந்த நிலம் பஜார் ரோட்டுக்குப் பின்னால், காயலை ஒட்டி இருந்தது. பழைய பண்டகசாலை ஒன்று எரிந்துபோய், உடைந்த ஓடும் கரியும் உப்பு மண்ணுமாகக் கிடந்தது. லாரிக்காரர்கள் அதைத் தங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நகரசபைத் தலைவருக்கோ ஊரில் ஒரு பூங்கா வேண்டும் என்று ஆசை. ஆசைக்காக லாரிக்காரர்களைப் பகைத்துக்கொள்ளவும் அவர் தயாராயில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார். முதலில் பூங்கா போடலாம். திறந்த பிறகு வரும் மீன மாதத்தில், அதாவது பங்குனியில், அவரும் உறுப்பினர்களும் நேரில் வந்து பார்ப்பார்கள். ஜனங்கள் வந்து உட்கார்கிறார்கள் என்றால் பூங்கா நிற்கும். தோப்பும்படிப் பக்கமும் போர்ட் கொச்சிப் பக்கமும் இன்னும் இரண்டு வரும், அவற்றையும் நானே வரைவேன். ஆளில்லாமல் கிடந்தால் நிலம் லாரிகளுக்கு.

"உனக்குச் சாக்கடை" என்று எஞ்சினீயர் சேர்த்துக்கொண்டார்.

நான் மிகக் கவனமாக வரைந்தேன். சாலைப் பக்கம் புல்தரை, உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு, நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரங்கள், நடுவில் பாண்டு வாத்தியக்காரர்களுக்காக ஓடு வேய்ந்த ஒரு மண்டபம். காயல் பக்கத்து மண்ணில் புல் பிடிக்காது என்று தெரிந்ததால் அங்கே ஒரு பெரிய கருங்கல் தளம் போட்டேன். எடவப்பாதிப் பருவமழை ஒரு மணி நேரம் கொட்டினாலும் தண்ணீர் தேங்கக்கூடாது என்று தளத்துக்குக் காயலை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு கொடுத்தேன். சாக்கடைப் பிரிவில் படித்த பாடம். தளத்தைச் சுற்றிச் சிமெண்ட் பெஞ்சுகள். உட்கார்ந்தால் எதிரே கப்பல்கள் தெரியும். எல்லாவற்றையும் வண்ணம் தீட்டி ஒரு பெரிய வரைபடமாக்கினேன். புல்லுக்கு மூன்று விதப் பச்சை.

ஐப்பசியில் பெய்யும் துலா மழை நின்றதும் பூங்கா திறந்தது. யாரும் வரவில்லை.

வரவில்லை என்றால் அந்தப் பக்கமே வரவில்லை என்று அர்த்தமில்லை. மாலையானால் கம்பி வேலிக்கு வெளியே கூட்டம் கூட்டமாக நின்று உள்ளே பார்த்தார்கள். குஜராத்தி சேட்டுகளின் கணக்குப்பிள்ளைகள், மூட்டை தூக்குகிறவர்கள், கொங்கணிப் பெண்கள், எங்கள் தெருத் தமிழர்கள் எல்லோரும் வேலியில் சாய்ந்துகொண்டு காலியான பெஞ்சுகளை ரசித்தார்கள். ஒருவர் என்னிடமே வந்து, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார்.

காரணம் வாசலில் இருந்தது. பூங்காக் காவலுக்குப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் போட்டிருந்தோம். மீசை, விசில், மடிப்புக் கலையாத காக்கி. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி "எந்தா காரியம்?" என்று கேட்பார். என்ன காரியமாக வந்திருக்கிறாய் என்று கேட்டால் பூங்காவுக்கு வந்தவன் என்ன சொல்வான்? ஒரு காரியமும் இல்லாமல்தானே வருகிறான். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். காவல்காரரிடம் நான் பேசிப் பார்த்தேன்.

"காரியம் இல்லாத ஆளு உள்ள எதுக்கு சார்?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

தனு என்கிற மார்கழி மாதத்தில் ஒரு காலை நான் போனபோது, என் கருங்கல் தளத்தைக் காணோம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, தோல் சீவிய இஞ்சி பரப்பியிருந்தது. முண்டுத் துணியைத் தூக்கிச் செருகிய பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திகைத்து இரண்டு அடி வைத்தேன்.

"சாரே, காலெடுக்கு. இஞ்சிமேல நிக்கண்டா" என்றாள் அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த சேச்சி.

மண்டபத்துப் படியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். பஜாரில் சுக்கு வியாபாரம் செய்பவர். என்னைப்போலப் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். காவல்காரர் வழக்கப்படி "எந்தா காரியம்?" என்று கேட்டிருக்கிறார். இஞ்சி காயப்போடணும் என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு ஒரு காரியம் வைத்திருந்த முதல் ஆள் இவர்தான். கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டாராம்.

"ராவுத்தரே, இது பூங்கா" என்றேன்.

"தெரியும் சாரே. கேட்டுல எழுதியிருக்கே."

"இஞ்சி காயப்போடற இடம் இல்ல."

"அது எழுதலையே." குடையை மடக்கினார். "சாரே, கோவிச்சுக்காதீங்க. வேலிக்கு வெளிய நின்னு ஒரு மாசமா இந்தக் கல்லைப் பாத்துட்டு இருக்கேன். நல்ல கல்லு, நல்ல சரிவு, காயல் காத்து, ஒரு மர நிழல் கெடையாது. எனக்குன்னே கட்டிவச்ச மாதிரி. யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

"மரம் வளரும். நிழல் வரும்."

"வரட்டும். அதுக்குள்ள நாலஞ்சு சீசன் பாத்துருவேன்."

அவரை அன்றே வெளியே அனுப்பியிருக்கலாம். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு பூங்காவுக்குள் இத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. சாயாக்காரன் ஒருவன் தூக்குப் பாத்திரத்துடன் வந்திருந்தான். சேச்சியின் பேத்தி புல்தரையில் உருண்டுகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் அள்ளிப் பெருக்கிவிடவேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். "பெருக்கறது என்ன சாரே, துடைச்சே வைக்கச் சொல்றேன்" என்றார்.

அதன் பிறகு நடந்ததை முதலில் கவனித்தவள் என் மனைவி. ஒரு மாலை இருவரும் நடந்து போனோம். காவல்காரருக்கு நாள் முழுக்க இஞ்சிக்குக் கதவு திறந்து களைத்துப்போய், அந்நேரத்தில் யாரிடமும் காரியம் கேட்கும் தெம்பு இருப்பதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து உள்ளே வந்திருந்தார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கல், மகர மாதத்துக் குளிர்காற்று. முதுகை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார்கள். கொங்கணிப் பெண்கள் ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தளம் முழுக்கச் சுக்கு வாசனை. பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை.

"பெஞ்சு அத்தனையும் காலியா இருக்கே" என்று நான் குறைபட்டேன்.

"ஏன்னா, காலைத் தொங்கப் போட்டுண்டு உக்கார ஆபீஸ் போறாதா? இங்க வந்து தொட்டுப் பாருங்கோ, தரை என்ன சுகமா இருக்கு." அவள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சாக்கடைக்குத் திரும்பிப் போகவேண்டாம்னு தோணறது."

"தலைவர் பாக்கணுமே."

"சாயங்காலம் வரச் சொல்லுங்கோ."

அதைத்தான் எஞ்சினீயரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தலைவர் காலை பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டாராம். மாலையில் அவருக்குச் சீட்டுக் கச்சேரி. காலை பத்து மணிக்கு மட்டாஞ்சேரியில் சும்மா உட்காருகிற ஆள் யார்? பூங்காவில் இருப்பது இஞ்சியும் அதைப் புரட்டுகிற பெண்களும்தான்.

"இஞ்சியைப் பார்த்தா, இது பார்க்கில்ல, களம்னு லாரிக்காரங்க மெம்பர் எழுந்து நின்னு சொல்லுவான்" என்றார் எஞ்சினீயர். "களமாக்கறதுக்கு லாரிக்கே கொடுத்துடலாமேன்னு கேப்பான். அன்னிக்கு ஒரு துண்டு இஞ்சி அங்க இருக்கப்படாது."

"இஞ்சி இல்லேன்னா ஆளே இருக்காது சார்."

"எடோ, அது உன் பாடு."

லாரிக்காரர்களின் ஆதரவு பெற்ற அந்த உறுப்பினர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார். பார்த்தால் சிரிப்பார். "என்ன, பூங்கா எப்படி? லாரிக்கு அளவு எடுக்க எப்ப வரட்டும்?" என்பார். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் சிரித்து வைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் பகுதியின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இங்கே எல்லா முற்றத்திலும் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். மிளகு, பப்படம், கொப்பரை, மீன். மழையோ கேட்டு வருவதில்லை. ஆகவே மேகம் கறுத்தால், யாருடையது என்று பார்க்காமல் அருகில் இருப்பவர் ஓடி அள்ளிவிடவேண்டும். இதில் விரோதம் குறுக்கே வராது. கிணற்றுக் கயிற்றுத் தகராறில் பக்கத்து வீட்டம்மாவோடு என் மனைவிக்கு ஒரு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் அந்தம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தூறல் விழுந்தபோது, முற்றத்துப் பப்படம் அத்தனையையும் அள்ளிக் கொண்டுபோய் அவர்கள் திண்ணைமேல் கவிழ்த்த முறத்தால் மூடி வைத்தவள் என் மனைவிதான். மறுநாளும் இருவரும் பேசவில்லை. மழை வேறு, சண்டை வேறு.

தலைவர் வருகிற நாள் வந்தது. ராவுத்தரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "உங்க வேலை போகாம இருக்கணும்னா ஒரு நாள் இஞ்சி புழுங்கட்டும்" என்று ஒப்புக்கொண்டார். பத்து மணிக்குப் பூங்கா கழுவித் துடைத்ததுபோல இருந்தது. நானும் எஞ்சினீயரும் வண்ண வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். காவல்காரர் விறைப்பாக நின்றார். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. தலைவர் எர்ணாகுளத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார், இன்று வருவது சந்தேகம் என்று ஆபீஸ் சேவகன் வந்து சொன்னான். நாங்கள் சாப்பிடப் போனோம்.

அந்தச் செய்தி சேவகன் வாயிலிருந்து சாயாக்காரனுக்கும், அவனிடமிருந்து ராவுத்தருக்கும் போயிருக்கிறது. மூன்று மணிக்கு நானும் எஞ்சினீயரும் திரும்பியபோது தளம் முழுக்க இஞ்சி. நான்கு நாள் காய்ந்து, வெளுத்து, இன்னும் இரண்டு நாளில் சுக்காகிவிடும் பக்குவம். அதே நேரத்தில் தலைவரின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

ஆறு பேர் இறங்கினார்கள். லாரி உறுப்பினர் முதலில் இறங்கினார். ஆள் நடமாட்டமில்லாத புல்தரையையும் காலிப் பெஞ்சுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தளத்தைப் பார்த்தார்.

"சேர்மன் சார், இது பூங்காவோ சந்தையோ?" என்றார்.

எஞ்சினீயர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தை விரித்து, இஞ்சியைப் பார்க்காதவன்போலப் புல்வெளியிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். "இந்தப் பச்சை..." என்று தொடங்கினேன். காகிதத்தின் மேல் வெளிச்சம் மங்கியது. நிமிர்ந்தால், கிழக்கே எர்ணாகுளத்துக்கு மேலே வானம் கரியாக இருந்தது. மீன மாதத்துக் கோடை மழை அந்தத் திசையிலிருந்துதான் வரும். வந்தால் நின்று பேச விடாது.

இடி ஒன்று விழுந்தது. சேச்சி வாயில் கையைக் குவித்து ஒரு கூவல் கூவினாள்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. பஜார் ரோட்டிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். வாசல் வழியாக வந்தவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சாக்கோடு வந்தார்கள். கணக்குப்பிள்ளைகள் காதில் பேனாவோடு வந்தார்கள். கொங்கணிப் பெண்கள் முறத்தோடு வந்தார்கள். காவல்காரர் ஒருவரிடமும் காரியம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி அதில் இஞ்சியை அள்ளிக்கொண்டிருந்தார். என் மனைவியும் பக்கத்து வீட்டம்மாவும் ஒரே படுதாவை ஆளுக்கு ஒரு முனை பிடித்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஓடினார்கள்.

தலைவர் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். வேட்டியை மடித்துக் கட்டினார், அவ்வளவுதான். லாரி உறுப்பினர் அவருக்கு முன்னாலேயே குனிந்துவிட்டார். "அந்த ஓரம், அந்த ஓரம்" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் வாரினார். முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தபோது, மூடாத குவியல் ஒன்று எதிரே இருந்தது. கையில் வேறொன்றும் இல்லை. வண்ண வரைபடத்தை அதன் மேல் விரித்துப் போட்டு, மேலே படுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடத்தில் தளம் காலி. மண்டபத்துக்குள் எள் போட்டால் கீழே விழாது. நடுவே இஞ்சி மூட்டைகள். அவற்றின் மேலும் பக்கத்திலும் ஊர். தலைவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். ராவுத்தர் என் வரைபடம் மூடியிருந்த குவியலைக் கூடையில் கொண்டுவந்து காட்டினார். மூன்று விதப் பச்சையும் இஞ்சிமேல் இறங்கியிருந்தது.

"பாடுபட்டு காயவச்சேன். நீங்க ஒரு நொடியில பச்சை இஞ்சி ஆக்கிட்டீங்களே சாரே."

மண்டபமே சிரித்தது. லாரி உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்தது. அப்போது பின்னால் இரண்டு சுமைக்காரர்களுக்குள் தகராறு கிளம்பியது.

"எடா, நீ நேத்தும் என் இடத்துல கிடந்தே. இந்த மண்டபத் தூணுக்கு நேரே உள்ள கல்லு என்னோடது."

"கல்லுல பேரு எழுதியிருக்கா?"

"ரெண்டு மாசமா என் முதுகு அங்கதான் கிடக்குது. போய் சேச்சிமார்கிட்ட கேளு."

"ஞங்களுக்குத் தெரியும்" என்றாள் ஒரு கொங்கணிப் பெண். "தூணுக்கு இந்தப் பக்கம் ஞங்க. அதுக்கு அப்புறம் அவரு. நீ பெஞ்சுக்குப் போ."

"பெஞ்சுல எவன் இருப்பான்?"

தலைவர் மூட்டைமேலிருந்து திரும்பினார். "தினமும் வர்றதுண்டோ?"

"பின்னே? இஞ்சி வாரினதும் வருவோம். இருட்டும்வரை."

"எத்தனை பேரு?"

அந்தச் சுமைக்காரர் மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தார். "இந்தக் கூட்டம்தான். இன்னிக்கு நேரத்தோட வந்திருக்கு."

தலைவர் லாரி உறுப்பினரைப் பார்த்தார். அவர் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த இஞ்சித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும், "லாரிக்குத் தோப்பும்படியில வேற இடம் பாத்துக்கலாம்" என்றார்.

"தோப்பும்படியில பூங்கா வருது" என்றார் தலைவர். "வேற எங்கயாவது பாரு." பிறகு என்னிடம், "அங்கயும் இதுபோல ஒரு கல்தளம் போடணும், கேட்டோ. பெஞ்சைக் குறைச்சுக்கோ."

எஞ்சினீயர் என் காதருகே குனிந்தார். "எடோ, இனி சாக்கடைப் படத்துல மரம் போட ஆளில்ல."

மழை அரை மணியில் விட்டது. ஜீப் போயிற்று. கூட்டம் போகவில்லை, சாயாக்காரன் வந்துவிட்டான். என் மனைவி முந்தானையைப் பிழிந்துகொண்டு தளத்தின் ஓரத்தில் நின்றாள். தண்ணீர் முழுவதும் ஒரே சீராகக் காயலுக்குள் இறங்கிப் போயிருந்தது. கல் அங்கங்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, தூணுக்கு நேரே இருக்கும் கல்லை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"சாக்கடையில இருந்தது வீண்போகலை" என்றாள். "நன்னா வடிஞ்சிருக்கு."

பக்கத்து வீட்டம்மாள் படுதாவை மடித்துக்கொண்டு வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பேசவில்லை. நான் இருவருக்கும் சாயா வாங்கப் போனேன்.